இயற்கைப் பெருக்கம்: பிறந்த மண்ணும் பெற்றோரின் தாளும்

1964 அக்டோபர் 30ஆம் நாள் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாடு, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருள் நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும். இந்த எண்களை எல்லா வரலாற்று நூல்களும் தருகின்றன. எண்களோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு சிறு தொடர் அந்த அளவுக்குக் கவனிக்கப்படுவதில்லை. 'இயற்கைப் பெருக்கத்துடன் சேர்த்து' என்பதே அத்தொடர். பெற்றோர் எந்த நாட்டின் கணக்கில் எழுதப்படுகிறார்களோ, உடன்பாட்டுக்குப் பின் அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் அந்தக் கணக்கிலேயே சேர்வர் என்பது அதன் பொருள். நுவரெலியாவில் பிறந்த ஒரு குழந்தையின் நாடு எது என்பதை அது பிறந்த ஊரோ வளரும் வீடோ தீர்மானிக்கவில்லை. தகப்பன் கையிலிருந்த தாளே தீர்மானித்தது.

புலம்பெயர்ந்த பெற்றோருக்கு வேற்று மண்ணில் பிறக்கும் குழந்தை அந்த மண்ணிலேயே நிரந்தரமாக வாழும் உரிமையைப் பெறுவது எப்படி என்ற வினா இன்று தொராண்டோ, மெல்பன், சிங்கப்பூர் தமிழரோடு சேர்த்தே பெரும்பாலும் பேசப்படுகிறது. தமிழ்ச் சமூகத்தில் அவ்வினாவுக்கு நூறாண்டுக்கு அருகிலான வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதிலும் குழந்தை தனி ஆளாக எண்ணப்பட்ட தருணங்கள் மிகச் சிலவே.

கோப்பிப் பயிரிடல் தொடங்கிய 1820களிலிருந்து திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கண்டிச் சீமைக்குச் சென்ற தொழிலாளரின் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. கோப்பியை இலைநோய் அழித்துத் தேயிலை அதன் இடத்துக்கு வந்தபோது, பருவத்துக்கு வந்துபோகும் உழைப்பு ஆண்டு முழுவதற்குமான உழைப்பாக மாறியது. குடும்பங்கள் லயன்களில் நிலைகொண்டன. பிறப்பும் இறப்பும் தோட்டத்திலேயே நிகழ்ந்தன. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் அனைவருக்கும் வாக்குரிமை வந்தபோதுதான், 'இவர்கள் இங்கே நிலையாக வாழ்பவர்களா, வந்துபோகிறவர்களா?' என்ற கேள்வி சட்ட வடிவம் பெற்றது. இலங்கையைத் தம் வாழ்விடமாகக் காட்ட இயலாத, கல்வித் தகுதியோ சொத்துத் தகுதியோ அற்ற இந்தியர், நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் ஒன்றைப் பெற்றாக வேண்டியிருந்தது. ஐந்தாண்டு வதிவையும் இலங்கையிலேயே நிலைக்கும் எண்ணத்தையும் காட்டுவோருக்கு அது கிடைக்கும். நிரந்தர வதிவிடம் என்ற கருத்து மலையகத் தமிழர் வாழ்வில் ஒரு காகிதமாக நுழைந்தது அப்போதே. அதுவரை தோட்டத் தொழிலாளி அறிந்திருந்த காகிதம் 'துண்டு' மட்டும்தான். கடன் தீர்ந்தது, வேறு தோட்டத்துக்குப் போகலாம் என்று எழுதித் தரும் சீட்டு அது.

விடுதலை பெற்ற சில மாதங்களிலேயே கேள்வியின் கூர்மை மாறியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வென்றிருந்தது. அக்கட்சி போட்டியிடாத பல இடங்களில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சென்றிருந்தன. டி. எஸ். சேனநாயக்க அரசு 1948இல் கொண்டுவந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்துக்கு இந்த அரசியல் கணக்கே முதற்காரணம் எனக் கூறுவோர் உண்டு; கண்டிச் சிங்களரின் நில அச்சத்தை முதன்மைப்படுத்துவோரும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. இக்கட்டுரைக்கு வேண்டியது காரணத்தைவிடச் சட்டத்தின் அமைப்பு.

அந்தச் சட்டம் பிறப்பால் குடியுரிமை என்ற ஒன்றையே ஏற்கவில்லை. 1948 நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் குடிமகனாக வேண்டுமெனில் அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறக்கும் குழந்தைக்கோ தந்தை அப்போது இலங்கைக் குடிமகனாக இருந்தாக வேண்டும். திருமண உறவில் பிறந்த குழந்தைக்குத் தாய்வழியில் குடியுரிமை செல்லும் வாய்ப்பு 2003 வரை இலங்கைச் சட்டத்தில் இல்லை. ஆகவே 1949இல் அற்றன் தோட்டமொன்றில், குடியுரிமையற்ற தந்தைக்குப் பிறந்த குழந்தை இலங்கையின் கண்ணில் அயலாள். இந்தியாவின் கண்ணிலும் அது தானாக இந்தியன் ஆகிவிடவில்லை. அவிபக்த இந்தியாவில் பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்திருந்தால் வெளிநாட்டில் வாழ்வோர் தூதரகத்தில் பதிந்துகொள்ள அரசியலமைப்பின் எட்டாம் உறுப்பு இடமளித்தது. பதியாதவர்க்கு அது ஒன்றும் தரவில்லை. இலங்கையில் பிறந்து வாழ்வோர் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடு. இரு நாடுகளும் தத்தம் நியாயத்தில் உறுதியாக நின்றன. இடையில் நின்ற குழந்தைக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, நாடு இல்லை.

இங்கே சான்று என்ற சொல்லின் கனத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பூட்டன் இலங்கையில் பிறந்தார் என்பதை 1948இல் நிறுவுவதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிப் பதிவு தேவை. தோட்டத்தின் லயனில் பிறந்தவருக்கு மட்டுமன்று, ஊர்ப்புறச் சிங்களக் குடியானவருக்கும் அத்தகைய பதிவு எளிதில் கிடைத்திராது. வேறுபாடு என்னவெனில், சிங்களக் குடியானவரிடம் அதை எவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விதி ஒரு சாராரிடம் மட்டும் சான்று கோரியது. சட்டத்தின் பாகுபாடு அதன் சொற்களில் அன்று, அது யாரிடம் கேள்வி கேட்கிறது என்பதில் இருந்தது. 'கள்ளத்தோணி' என்ற வசைச்சொல்லைத் தோட்டத்துக்குழந்தைமீது ஒட்டவைக்கவும் இதுவே உதவியது. தோணியையே பார்த்திராத குழந்தை அது.

1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. அதைச் சிறு வாயிலாகவே திறந்தது. 1946 ஜனவரி முதல் நாளுக்கு முந்தைய காலத்தில் திருமணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே முறையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே சென்றிருந்தால் இடையறாமை அறுந்துவிடும். விண்ணப்பிப்பவர் தக்க வருமானமும் காட்ட வேண்டும். விண்ணப்பதாரரின் மனைவியும் அவரைச் சார்ந்த சிறார்களும் இலங்கையில் வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையோ தன் முதலாண்டு நிறைவதற்குள் இலங்கையில் வதியத் தொடங்கியிருக்க வேண்டும்.

தமிழ்க் குடும்ப வழக்கம் அறிந்தவருக்கு இந்த இறுதி விதியின் கடுமை விளங்கும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வாள். தாய்வீடு முசிறியிலோ பெரம்பலூரிலோ இருந்தால் குழந்தை அங்கே பிறக்கும். மொட்டை அடித்துக் காது குத்திக் குலதெய்வத்தைக் கும்பிட்ட பின்னரே திரும்பும். கப்பலும் இரயிலும் கூலிக்கணக்கும் சேர்ந்து அந்தத் திரும்பல் சில வேளைகளில் தள்ளிப்போகும். ஊரிலே பாட்டியிடம் விட்டுவைத்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளையும் உண்டு. ஒரு குடும்பம் தன் உறவைப் பேணச் செய்த இவை யாவும் அது இலங்கையில் நிலைகொள்ளவில்லை என்பதற்குச் சான்றாக மாறின. குழந்தை எங்கே இருந்தது என்பதைக் கொண்டு தகப்பனின் மனம் எங்கே இருந்தது என்று ஆணையாளர் அலுவலகம் முடிவு கட்டியது. குழந்தையின் நிலையைத் தந்தையின் தாள் தீர்மானித்ததுபோல, தந்தையின் விண்ணப்பத்தையும் குழந்தையின் இருப்பிடம் கவிழ்க்க முடிந்தது. தமக்குக் குடியுரிமை மறுக்கப்படுவதற்கான சான்றாகக் குழந்தைகள் எண்ணப்பட்டார்கள்; உரிமைக்கான ஆட்களாக எண்ணப்படவில்லை.

இச்சட்டத்தை இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது. விண்ணப்பக் கெடு முடிய இருந்த நிலையில் முடிவை மாற்றிக்கொண்டது. 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். விசாரணை பத்தாண்டுக்கு மேல் நீண்டது. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. புறக்கணிப்பு அரசியல் நோக்கில் விளங்கிக்கொள்ளத் தக்கதே. எனினும் சான்று திரட்டுவதற்கான விலைமதிப்பற்ற காலம் அதில் வீணாயிற்று என்பதை மலையக வரலாற்றாய்வு மென்மையாகவே சொல்லிக் கடக்கிறது.

நீதிமன்றத்தின் வழியும் அடைபட்டது. கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அலுவலர் என். சிவஞானசுந்தரம், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனோடு இணைந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லா என்று துணிந்து தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், கோடக்கன் பிள்ளை வழக்கில் அம்மறுப்பை உறுதி செய்தது. தன் குடிமக்கள் யார் என வரையறுப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அரண் என்று நம்பியிருந்தோர்க்கு, அரண் நிற்கும் இடமும் ஆபத்து வரும் இடமும் வேறுவேறு என்பது அன்று தெரிந்தது.

மீண்டும் 1964. உடன்பாடு கையெழுத்தானபோது மலையகத்தின் கருத்தைக் கேட்டவர் இல்லை. பின்னர் 1960களின் இறுதியில் விண்ணப்பங்கள் வரவேற்கப்பட்டபோது அந்த மக்கள் தம் கருத்தைத் தாமே எழுதிக் காட்டினர். 3,00,000 இடமே இருந்த இலங்கைக் குடியுரிமைக்கு ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். 5,25,000 இடம் இருந்த இந்தியக் குடியுரிமைக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர். இரண்டு அரசுகளும் பங்கிட்ட கணக்குக்கு இது நேர்த்தலைகீழ். ஆயினும் கணக்கு மாறவில்லை.

உடன்பாட்டை நடைமுறைப்படுத்திய முறையும் குழந்தையை எண்ணாகவே வைத்தது. இந்தியாவுக்கு ஏழு பேர் என்றால் இலங்கைக்கு நான்கு பேர் என்ற விகிதம் வகுக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில், இந்தியக் குடியுரிமை வழங்கப்பட்டவர் எண்ணிக்கையோடு அவ்விகிதம் பிணைக்கப்பட்டிருந்தது. 1971இல் அது திருத்தப்பட்டு, உண்மையில் கப்பலேறியவர் எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டது. ஏழு பேர் தலைமன்னாரில் கப்பலேறினால்தான் நான்கு பேர் இலங்கையில் குடிமக்கள் ஆகலாம். ஒருவரின் நிரந்தர வதிவிடம் முகமறியாத வேறொருவரின் புறப்பாட்டைச் சார்ந்திருந்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் செய்த ஏற்பாட்டில் ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர்.

'இயற்கைப் பெருக்கம்' ஆண்டுதோறும் வளர்ந்தது. குழந்தைகள் பிறப்பது உடன்பாட்டின் காலக்கெடுவைப் பார்த்து அன்று. 1964இல் பிறந்த குழந்தை 1981இல், உடன்பாட்டின் கெடு முடிந்தபோது, தானே தேயிலைக்கூடை சுமக்கும் வயதினள். அவள் பெற்றோர் இந்தியப் பட்டியலில் இருந்தால் அவளும் இந்தியப் பட்டியலில். அவள் மணந்தவன் இலங்கைப் பட்டியலில் இருக்கலாம். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை எந்தப் பெருக்கம் என்பதற்கு உடன்பாட்டில் விடை தேடுவது வீண். 1984இல் இராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் கடல் தாண்டாத எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் பிள்ளைகளோடு தோட்டங்களிலேயே தங்கினர். கடவுச்சீட்டுப்படி அந்நாட்டில் அயலார். பிறப்பாலும் வாழ்வாலும் அங்கத்தியர்.

கடல் தாண்டியவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என அழைக்கப்பட்டனர். பெற்றோருக்கு வேண்டுமானால் அச்சொல் ஓரளவு பொருந்தும். பிறந்ததிலிருந்து மஸ்கெலியாவைத் தவிர வேறு ஊர் காணாத பத்து வயதுப் பிள்ளைக்கு அது திரும்புதல் அன்று, முதல் வருகை. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. பின்னர் அவை டான்டீ என்னும் கழகத்தின்கீழ் வந்தன. அங்கே ஊரார் அப்பிள்ளைகளைச் 'சிலோன்காரர்' என்றனர். இலங்கையில் இந்தியனாகவும் இந்தியாவில் இலங்கையனாகவும் இருப்பது அவர்களுக்குப் பழகிப்போயிற்று.

இலங்கைச் சட்டம் மெல்லத் தளர்ந்த கதையைச் சுருங்கச் சொல்லலாம். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் எஞ்சிய நாடற்றோருக்கு வழி செய்தன. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு நடந்த முகாம்களில் சில நாட்களுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிமக்களாயினர். 'வழித்தோன்றல்' என்ற சொல் அச்சட்டத்தில் வந்தது கவனத்துக்குரியது. 1964இல் சுமையாக எழுதப்பட்ட அதே குழந்தைகள் 2003இல் உரிமையாளராக எழுதப்பட்டனர். முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறியபோது, அதன் பயனுக்கு உரியவர்களுள் ஒரு பகுதியினர் இலங்கையில் இல்லை. 1958, 1977 வன்முறைகளுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த குடும்பங்கள், 1983க்குப் பின் அங்கிருந்தும் பெயர்ந்து, யாழ்ப்பாணத்தாரோடும் மன்னாராரோடும் சேர்ந்து தமிழ்நாட்டு அகதி முகாம்களை அடைந்திருந்தன. அவர்களுக்காக 2009இல் திருத்தம் ஒன்று வந்தது. ஆனால் முகாம்களில் அதற்குள் புதிய தலைமுறை பிறந்து பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டது. அதே கேள்வி மறுபடியும், இப்போது பாக் நீரிணையின் இக்கரையில்.

இக்கரையின் சட்டம் முதலில் தாராளமானது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறக்கும் எவரையும், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, குடிமக்களாக ஏற்றது. பெற்றோர் யார் என்று அது கேட்கவில்லை. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. 1987 ஜூலை முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அசாம் சிக்கலே அதன் முதன்மைப் பின்னணி. ஆயினும் மசோதாவின் நோக்க விளக்கத்தில் வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரும் இருந்தது. 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம் மேலும் இறுக்கியது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்றால் குழந்தைக்குப் பிறப்புவழி உரிமை இல்லை. உரிய கடவுச்சீட்டும் விசாவும் இன்றிப் படகில் வந்த அகதி சட்டத்தின் பார்வையில் அவ்வகையினரே. ஆகவே முகாம்பெண் ஒருத்தி பக்கத்து ஊர் இளைஞனை மணந்து பெற்றெடுக்கும் பிள்ளையும் இந்தச் சுவரில் முட்டுகிறது.

பிரித்தானியா 1983 ஜனவரி முதல் நாளிலும் ஆஸ்திரேலியா 1986 ஆகஸ்டிலும் பிறப்புவழிக் குடியுரிமையை இதேபோலக் குறுக்கின. அயர்லாந்து 2004இல் வாக்கெடுப்பு நடத்திக் குறுக்கியது. இந்தியா தனித்து நடந்துவிடவில்லை, காலத்தோடு நடந்தது. 1948இல் இலங்கை எடுத்த வழி அன்று விதிவிலக்காகத் தோன்றியது, அரை நூற்றாண்டில் பொதுவழியாயிற்று.

கெடுநாள் ஒன்று ஒரு குடும்பத்தின் வாழ்வை எப்படிப் பிளக்கும் என்பதை மும்பைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தாராவியிலும் காட்கோபர் மேட்டுக் குடிசைகளிலும் 1995 ஜனவரி 1, பின்னர் 2000 ஜனவரி 1 என்ற 'கட்-ஆஃப்' தேதிகளுக்கு முன் குடியிருந்ததைக் காட்டும் ஒரு வாக்காளர் பட்டியல் வரிக்கு மாற்றுவீட்டின் மதிப்பு உண்டு. தேதிக்கு முந்தையவன் உரியவன், பிந்தையவன் ஆக்கிரமிப்பாளன். அங்கே போவது வீடு. முகாமில் 1987 ஜூன் 30இல் பிறந்த அக்காளுக்கும் அடுத்த நாள் பிறந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இடையே போவது நாடு.

இந்தக் கெடுநாளின் மறுபக்கம் நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1983 ஜூலைக்கும் 1987 ஜூலைக்கும் இடைப்பட்ட நான்காண்டுகளில் முகாம்களில் பிறந்த குழந்தைகள் சட்டப்படி அகதிகளே அல்லர். அவர்கள் எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டாத, பிறந்த நொடியிலேயே ஆகிவிட்ட இந்தியக் குடிமக்கள். ஆனால் முகாமின் பதிவேட்டில் பெற்றோரின் பெயருக்குக் கீழே அவர்களும் அகதிகளாக எழுதப்பட்டனர். உதவித்தொகையும் அப்படியே, வருகைக் கணக்கெடுப்பும் அப்படியே. இங்கே சட்டம் குழந்தையைப் பிரித்துப் பார்த்திருந்தது, நிர்வாகம் பார்க்கவில்லை. தாங்கள் குடிமக்கள் என்பதை அறியாமலே அவர்கள் முப்பது வயதைக் கடந்தனர்.

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்த்த வழக்கு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த பெண் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தார். அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், கடவுச்சீட்டு வழங்க வேண்டும் என்பது தீர்ப்பு. அவரது வழக்கை நிறுத்தியது ஒரே தாள்: மண்டபத்தில் பிறந்ததைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ். 2024 ஏப்ரலில் நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முகாமில் வாழும் ஒருவர் வாக்களிப்பது அதுவே முதல்முறை எனச் செய்தித்தாள்கள் குறித்தன. இதே வாதம் புதியதன்று. 1986 ஏப்ரலிலேயே காங்ராவில் பிறந்த திபெத்தியப் பெண் ஒருவரின் வழக்கில் 2010 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். முரளிதர் இதையே கூறியிருந்தார். தில்லியிலிருந்து அந்த வாதம் மண்டபத்தை எட்ட ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

மண்டபம் என்ற இடப்பெயரைக் கடந்துபோக முடியாது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் வழியும் வந்தபின், தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்க இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்த ஊர் அது. உடன்பாட்டின்கீழ்த் தாயகம் திரும்பியோர் வந்து இறங்கித் தங்கிக் குடும்ப அட்டை பெற்றதும் அங்கேதான். 1983க்குப் பின் அகதிகள் முதலில் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். ஒரே குடும்பத்தின் பூட்டன் புறப்பட்ட இடத்தில், பாட்டன் திரும்பிவந்த இடத்தில், பேத்தி அகதியாகப் பிறந்திருக்க முடியும். மூன்று தலைமுறையின் பதிவேடுகளும் மூன்று வேறு துறைகளுடையவை.

மதுரைத் தீர்ப்பு வந்த அதே 2022 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பிலோலா ஊரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நிரந்தர விசா கிடைத்தது. 2012, 2013ஆம் ஆண்டுகளில் தனித்தனியே படகில் வந்து, அங்கே மணம் புரிந்த இணையர். இரு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் பிடிக்கப்பட்டு, மெல்பன் தடுப்பு மையத்திலும் கிறிஸ்துமஸ் தீவிலுமாக ஆண்டுகள் கழித்தனர். 2019 ஆகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம் நீதிமன்ற ஆணையால் டார்வினில் இறங்கியது. அவர்களை மீட்டது சிற்றூர் மக்களின் இயக்கமும் ஆட்சி மாற்றமும் அமைச்சரின் தனி அதிகாரமும். சட்டப் பிரிவு எதுவும் அன்று. சட்டம் அங்கே எதிர்த்திசையில் நின்றது. 2014இல் செய்த திருத்தத்தின்படி, படகில் அனுமதியின்றி வந்தவருக்கு ஆஸ்திரேலிய மருத்துவமனையில் பிறக்கும் குழந்தையும் அனுமதியின்றிக் கடல்வழி வந்தவராகவே கொள்ளப்படும். அமைச்சர் தடையை நீக்கினாலன்றி அக்குழந்தை தன் பெயரில் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் இயலாது. கள்ளத்தோணி என்ற மலையக வசை, கான்பராவில் சட்ட வரைவாளரின் நிதானமான மொழியில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது.

பிறப்பு என்பது வருகையா என்ற இக்கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் சொற்கள் வேறு விடைக்கு இடம் வைத்துள்ளன. குடியுரிமைச் சட்டம் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்பவரை, உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டார் என்று வரையறுக்கிறது. இங்கேயே பிறந்தவர் எங்கிருந்தும் நுழையவில்லை. 2024 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா சிங் இப்படியே வாசித்தார். வழக்கு, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிப் பெற்றோருக்கு 2006இல் ஆந்திராவில் பிறந்து, எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இன்றி நின்ற பெண்ணினுடையது. இந்தியாவில் பிறந்தவரைச் சட்டவிரோதமாகக் குடியேறியவர் எனக் கருத முடியாது, இந்திய வம்சாவளியினர் என்ற நிலையில் அவர் பதிவுவழிக் குடியுரிமை கோரலாம் என்பது தீர்ப்பு. பெற்றோரின் தாளிலிருந்து குழந்தையைப் பிரித்தெடுத்துப் பார்த்த அரிய தீர்ப்புகளுள் ஒன்று அது.

மலையக வேர் கொண்ட முகாம்வாசிகளும் இந்திய வம்சாவளியினரே. அவர்களின் பாட்டன்மார் துறையூரிலும் பெரம்பலூரிலும் பிறந்ததைக் காட்டுவது, 1948இல் இலங்கையில் பிறந்ததைக் காட்டுவதைவிட எளிதாகவும் இருக்கக்கூடும். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனிலேயே மதுரைக் கிளை கூறியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை மட்டும் எண்ணியது. இலங்கை அதில் இல்லை. 2021 கணக்கில் தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 59,000 பேரும் வெளியே 34,000 பேரும் வாழ்ந்தனர். முகாம்களின் பெயர் அவ்வாண்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலக்காணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இன்மைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. தண்டனை இல்லை என்பது வதிவிட உரிமை அன்று. தஞ்சம் புகுந்த நாளை அளவுகோலாகக் கொண்ட அந்த ஆணை, 1987க்குப் பின் கும்மிடிப்பூண்டியிலும் கொட்டப்பட்டிலும் பிறந்து எங்கும் புகாதவர்களைத் தனியே குறிப்பிடவில்லை.